எங்கள் கூரைக்கு நான் தேர்ந்தெடுத்த பஞ்சு

இந்த ஊரில் கூரையைப் பார்த்தே ஒரு வீட்டின் நிலையைச் சொல்லிவிடலாம். பனி கொட்டிய மறுநாள் வெள்ளை கலையாமல் இருந்தால் நல்ல கூரை. திட்டுத்திட்டாகக் கருத்திருந்தால், உள்ளே மூட்டிய சூடு மேலே கசிந்து பனியை உருக்குகிறது என்று பொருள். கனடாவின் வின்னிபெக்கில் வீடுகளின் வெப்பக்காப்பைச் சோதிப்பது என் வேலை. விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ படித்தபோது சூட்டைச் சூளைக்குள் பிடித்துவைக்கக் கற்றேன். இங்கே வீட்டுக்குள் பிடித்துவைக்கிறேன். நம் ஊரிலோ அதை வெளியிலேயே நிறுத்த வேண்டும். மூன்றுக்கும் விதி ஒன்றுதான். காற்று அசையக்கூடாது.

எதைப் போடலாம் என்று கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன். கண்ணாடிப் பஞ்சு எந்தக் கடையிலும் கிடைக்கும். இடைவெளி விட்டுப் போட்டால் பயனில்லை, தோலும் அரிக்கும். கல்லை உருக்கி இழையாக்கிய பாறைப் பஞ்சு தீயைத் தாங்கும், ஆனால் கனம். பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த தாள்பஞ்சு மூலைமுடுக்கெல்லாம் நிறையும், நனைந்தால் அமுங்கிவிடும். தெளிக்கும் நுரை எல்லா ஓட்டையையும் அடைக்கும், தப்பாகத் தெளித்துவிட்டால் பெயர்த்தெடுப்பது பெரும்பாடு. தெர்மோகோல் நமக்குத் தெரிந்ததுதான். ஈரத்துக்கு அஞ்சாது, நெருப்புக்கு அஞ்சும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொடக்கூடாத பொருள்களைப் பற்றி ஒரு நாள் பயிற்சி நடந்தது. பயிற்சியாளர் டேவ், மூடி ஒட்டிய கண்ணாடிப் புட்டி ஒன்றைக் காட்டினார். உள்ளே அழுக்கு வெள்ளையில் பஞ்சு. சூளையின் உள்சுவரில் பதிக்கும் செராமிக் ஃபைபர். புதியதன் தூசியே உடம்புக்கு ஆகாது. பல காலம் சூளையில் வெந்தபின் அது பொடியும், அதில் ஒரு பகுதி நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்காவாக மாறியிருக்கும் என்றார்.

"யாராவது இதை நேரில் பார்த்ததுண்டா?"

கையைத் தூக்கினேன்.

"தொழிற்சாலையிலா?"

"ஊரில், எங்கள் வீட்டில். நான் படுத்த இடத்துக்கு மேலே."

அவர் சிரித்தார். வகுப்பும் சிரித்தது. நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். நான் திருத்தவில்லை.

எங்கள் வீடு மங்கலம்பேட்டையில். அப்பாவை அத்தா என்போம். தெருவில் பாதி ஆண்கள் கல்ஃபுக்குப் போனபோது, அத்தா தினமும் பஸ் ஏறி விருத்தாசலம் தொழிற்பேட்டைக்குப் போனார். ஃப்யூஸ் கட்டையும் பொம்மையும் சுடும் ஒரு யூனிட்டில் சூளை அடுக்கும் வேலை. உள்பஞ்சை மாற்றும்போது பழையதைக் கொட்டகைக்குப் பின்னால் எறிவார்கள். ஆளுக்கொரு துண்டு வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம், கொதிக்கும் குக்கரை இறக்கிவைக்க, அடுப்பைச் சுற்றிக் கட்ட.

எங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. டிப்ளமோ இரண்டாம் ஆண்டு கோடையில் நோட்டில் கட்டம் போட்டேன். ஓலை, தென்னைநார், தெர்மோகோல், சூளைப் பஞ்சு. எரியுமா, எலி கடிக்குமா, கரையான் ஏறுமா, சுலபமாகக் கிடைக்குமா. எல்லாவற்றிலும் சூளைப் பஞ்சே முந்தியது. மூச்சு என்று ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை.

அத்தாவும் அண்ணனும் மூட்டைகளாகக் கொண்டுவந்து கட்டுக்கம்பியால் கூரைக்கு அடியில் கட்டினார்கள். அம்மாவின் பழைய புடவைகளை அதன்கீழ் இழுத்துத் தைத்தார்கள். அந்த மே மாதம் பகலிலும் வீட்டில் படுக்க முடிந்தது. எதிர்வீட்டு மாமி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"எம் மவன் துபாய்லேருந்து ஏசி அனுப்புறேன் அனுப்புறேன்னு மூணு வருசமா வாயாலயே காத்து வுடுறான். இவ பஞ்ச வச்சே ஏசி பண்ணிட்டா பாருங்க."

"படிப்புன்னா சும்மாவா" என்றார் அத்தா. மாமி வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் அவரே பஞ்சு சுமந்துவந்து கட்டிக்கொடுத்தார். காலை வெயிலில் தூசி மினுமினுத்துக்கொண்டு இறங்கும். அம்மா பெருக்கித் தள்ளுவார். கை அரித்தால் வேர்க்குரு என்றோம்.

பயிற்சிக்கு மறுநாள் வீட்டுக்குப் பேசி, பஞ்சை அவிழ்க்கச் சொன்னேன். பஞ்சு கட்டிய அந்த அறையில்தான் இப்போது அண்ணனின் ஐந்து மாதக் குழந்தைக்குத் தொட்டில் கட்டியிருந்தது.

"ஏண்டி, நீதான கட்டச் சொன்ன" என்றார் அம்மா. "கனடா போனதும் நம்ம வூட்டு கூர கசக்குதா?"

"அந்தத் தூசி ஆவாதும்மா."

"தூசி இல்லாத வூடு எங்கடி இருக்குது?"

அத்தாவுக்கு அதற்கு முன்பே ஒரு வருடமாக இருமல். என் பேச்சுக்குப்பின் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரல் இரண்டிலும் தழும்பு. காரணம் சூளையா கூரையா என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியாது. ஸ்கேனைப் பார்த்தபின் அம்மா வாதாடவில்லை.

இங்கே அப்படிப்பட்ட பஞ்சை எடுக்க, முழு உடல் உறை போட்ட ஆட்கள் வருவார்கள். அறையைப் பிளாஸ்டிக்கால் அடைத்து, காற்றை வடிகட்டி உறிஞ்சுவார்கள். அங்கே அப்படி யாரும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணனுக்கு வரிசைப்படுத்தி எழுதி அனுப்பினேன். எல்லாரையும் வெளியேற்று. நல்ல மாஸ்க் போடு. தெளிப்பானால் நனை. உதறாதே, பெருக்காதே. தடித்த பையில் இரண்டு சுற்றுக் கட்டு. தொழிற்பேட்டைப் பஞ்சு வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கும் சொல்வது அதுதான். முதலில் குழந்தைகளை அந்த அறையிலிருந்து மாற்றுங்கள்.

ஏப்ரலில் ஒரு காலை, ஒரு வீட்டின் அட்டிக்கை, அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரணைச் சோதிக்க ஏணியில் நின்றிருந்தேன். அத்தா கூப்பிட்டார். அங்கே அப்போது மாலை.

"அவுத்தாச்சு, பாப்பா."

"அண்ணனா?"

"அவன் எதுக்கு? கைப்புள்ளக்காரன். எல்லாரையும் திட்டக்குடிக்கு ஒன் சின்னம்மா வூட்டுக்கு அனுப்பிட்டு நானே அவுத்தேன்." மூச்சு வாங்கினார். "மாமி வூட்டுதும், பக்கத்து வூட்டுதும் சேத்து. நான் கட்டுனதுதான."

"மாஸ்க் போட்டீங்களா?"

"அத மாட்டுனா மூச்சு வுட முடியல. எனக்கு இதுக்கு மேல என்ன வந்துடப் போவுது."

அவர் ஒருமுறை இருமி முடித்தார்.

"வெயிலு எறங்கியும் கூர சூடு எறங்கல. நாளைக்குப் புள்ள வந்துடும். அடுத்து என்னத்த போடலாம்? நீ சொன்னா சரியா இருக்கும்."

பரண் திறப்புக்குள் நான் பாதி நுழைந்திருந்தேன். இடுப்புக்குக் கீழே யாரோ ஒருவர் வீட்டின் கதகதப்பு. மேலே கூரைப் பலகையைத் துளைத்து நீட்டும் ஆணிமுனைகளில் உறைபனி நிற்கும் குளிர். காதில், கொதிக்கும் கூரையின் கீழ் உட்கார்ந்து என் பதிலுக்குக் காத்திருக்கும் அத்தாவின் மூச்சு.