விடுப்பில் தங்கும் முகவரி

வயிறு வெளியே தெரியத் தொடங்கிய பிறகு கோயம்புத்தூரில் என்னிடம் யாரும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. "அம்மா ஊட்டுக்கு எப்பங்க போறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நாள் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் சொல்கிறேன், முதலில் கேட்டவர் மருந்துக்கடைக்காரர்; அப்போது இருபத்தைந்தாவது வாரம். மறுநாள் எங்கள் குடியிருப்பின் காவலாளி கேட்டார். அதே வாரம் சனிக்கிழமை கீரை விற்கும் அம்மா கேட்டார். கேள்வியில் ஒரு சொல்கூட மாறவில்லை. என் அம்மா வீடு ஈப்போவில் இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "அது எந்தப் பக்கமுங்க, பவானி தாண்டியா?" என்றார். ஆமாங்க, கொஞ்சம் தாண்டி என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை வாங்கிக்கொண்டு வந்தேன். மலேசியாவில், நம் ஈப்போவில் கர்ப்பிணியைப் பார்த்தால் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார்கள். இங்கே எந்த ஊர் என்று கேட்கிறார்கள்.

மலேசியாவிலிருந்து இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களுக்கும், என்னைப்போல் கல்யாணம் பண்ணிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்து குடியேறியவர்களுக்கும் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கணவர் பிரபுவுக்குச் சொந்த ஊர் தாராபுரம். நாங்கள் கோவையில் குடியிருந்து நான்கு வருடம் ஆகிறது. சிங்காநல்லூரில் தண்ணீர் மோட்டார் பம்பு செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில், ஏற்றுமதிக் காகிதங்களைத் தயாரிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். கப்பல் எந்தத் தேதியில் கிளம்பும், சரக்கு எந்தத் தேதிக்குள் துறைமுகம் போகவேண்டும் என்பதுதான் என் வேலை. விசா அலுவலகத்தில் நான் வெளிநாட்டவர். கம்பெனி வாசலில் இறங்கினால் அம்மணி. தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே என்று மட்டும் இன்னும் அவ்வப்போது பாராட்டுகிறார்கள்.

அம்மா வீடு என்ற கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. அவரால் விமானம் ஏறி இங்கே வர முடியாது. நான் அங்கே போய்ப் பெற்றுக்கொள்ளலாம் என்றால், ஒரு வேலை நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒருவர் என்னையும் எப்படிப் பார்ப்பார்? அதனால் பிரசவம் கோவையில், மாமியார் தாராபுரத்திலிருந்து வந்து கூட இருப்பார் என்று முடிவானது. குழந்தை பிறந்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போவது என்பது என் திட்டம்.

இந்தியச் சட்டத்தில் இருபத்தாறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் அதிகபட்சம் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம். எடுக்காவிட்டால் அவ்வளவும் பிரசவத்துக்குப் பிறகு. குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, தடுப்பூசி எல்லாம் முடிந்து விமானம் ஏறப் பதின்மூன்று வாரம் ஆகும் என்று விசாரித்து வைத்திருந்தேன். ஆகவே, வலி வரும் நாள்வரை நான் வேலை பார்த்தால் அம்மாவோடு பதின்மூன்று வாரம் இருக்கலாம். எட்டு வாரம் முன்னதாகவே நின்றுவிட்டால் ஐந்தே வாரம். இப்போதைய அம்மாவோடு எட்டு வாரம் கூடவா குறையவா என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. நோட்டில் எழுதிப் பார்த்துக் கடைசி நாள்வரை வேலை என்று தீர்மானித்தேன். பிரபு நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கணக்கு சரிதான். இதுல நீ எங்க இருக்கற?" என்று கேட்டார். நோட்டை வாங்கி மூடி வைத்தேன்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. நான் பிறந்தபோது அம்மா ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைனில் நின்று வேலை பார்த்தார். அப்போதெல்லாம் அறுபது நாள்தான் விடுப்பு. அந்த அறுபதையும் எனக்காக மிச்சம் வைக்க, நிறைமாதத்திலும் தொழிற்சாலை பஸ்ஸில் போய் வந்தார். அறுபத்தோராவது நாள் என்னைப் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அவரை ஆசோ என்று அழைப்போம். நான் முதல் அடி எடுத்து வைத்ததை அம்மா பார்க்கவில்லை. ஆசோதான் பார்த்தார். சுவரில் தொங்கிய நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து வைத்திருந்து, சாயங்காலம் அம்மா வந்ததும் அவர் கையில் கொடுத்தார். அவருக்குத் தமிழ் வராது, அம்மாவுக்குச் சீனம் வராது. ஆசோ இரண்டு விரலை மேசைமேல் நடக்கவிட்டுக் காட்டினாராம். சிவப்பு எண்ணும் சீன எழுத்தும் உள்ள அந்தத் தாள் இப்போதும் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. நான் எதற்கெடுத்தாலும் தேதி குறித்து வைப்பதைக் கேலி செய்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வதில்லை.

முப்பத்திரண்டாவது வாரம் முடியும் வெள்ளிக்கிழமை, கம்பெனிப் பெண்கள் சேர்ந்து எனக்கு வளைகாப்பு போட்டார்கள். பாக்கிங் பிரிவின் சூப்பர்வைசர் சரஸ்வதி அக்காதான் முன்னின்று எல்லாம் செய்தவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். அம்மா போடவேண்டிய முதல் வளையலை யார் போடுவது என்று பேச்சு வந்தபோது, "நாந்தான் போடுவேன், யாரும் சண்டைக்கு வராதீங்க" என்று முன்னால் வந்துவிட்டார். கேண்டீனில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சந்தனம், குங்குமம், இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல், ஐந்து வகைச் சாதம். நம் ஊரிலும் வளைகாப்பு உண்டு. மண்டபம் பிடித்து, படம் எடுத்து, கேக்கும் வெட்டுவோம். திங்கட்கிழமை எல்லோரும் அவரவர் வேலைக்குப் போவோம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பழக்கூடையோடு என்னைக் கம்பெனி வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாசக்காரப் பெண்கள் என்று நோட்டில் எழுதினேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்தேன். என் நாற்காலியில் தீபா என்ற இளைய பெண் உட்கார்ந்திருந்தாள். என் கோப்புகளில் அவள் பெயர் ஒட்டியிருந்தது. என் தேநீர்க் கோப்பையைக் கழுவி, செய்தித்தாளில் சுற்றி, ஒரு அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார்கள். பேயைப் பார்த்ததுபோல் அவள் எழுந்து நின்று, "அக்கா, நீங்க இன்னும் அம்மா ஊட்டுக்குப் போகலீங்களா?" என்றாள்.

மனிதவளப் பிரிவில் ஜோசப் இருந்தார். ஒழுங்கான மனிதர், ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதவர். என் விடுப்பு அன்றிலிருந்தே தொடங்கிவிட்டதாகக் கணினியில் ஏற்றியிருந்தார். நான் விண்ணப்பமே கொடுக்கவில்லையே என்றேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை.

"வளைகாப்பு முடிஞ்சுதுங்களே மேடம்."

"அது வெறும் விழாதானே?"

"எங்க அக்காளுக்கும் அப்படித்தானுங்க. வளையல் போட்டாங்க, சாயங்காலமே எங்க ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டோம். அதுக்கப்பறம் யாருங்க வேலைக்கு வருவாங்க?"

நான் ஒப்புக்கொண்டது ஒரு மதிய விருந்து அல்ல, ஒரு வழியனுப்பு என்பது அப்போதுதான் விளங்கியது. இங்கே வளையல் போட்ட பெண் அன்றே தாய்வீட்டுக்குக் கிளம்புகிறாள். பத்து வருடமாக அந்தக் கம்பெனியில் ஒருத்திகூட வளைகாப்புக்கு அடுத்த நாள் வந்ததில்லையாம். சட்டத்தின் எட்டு வாரமும் வழக்கத்தின் வளையலும் அச்சாக ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியிருந்ததால், என்னைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஜோசப் மன்னிப்புக் கேட்டார். ஏற்றியதை நீக்கிவிடலாம், ஆனால் டாக்டரின் கடிதமும் விடுப்பு தொடங்கும் சரியான தேதியும் அடுத்த திங்களுக்குள் வேண்டும் என்றார். கையில் எழுதவேண்டிய படிவம் ஒன்றையும் கொடுத்தார். மருத்துவர் பார்த்துவிட்டு, வேலை பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்; ஆனால் கால் வீக்கத்தைக் கவனி, எப்போது நிற்பது என்பதை நீயே முடிவு பண்ணு என்றார். எல்லாரும் என்னிடமே விட்டுவிட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க சரஸ்வதி அக்கா என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் நடக்கும்போது வளையல் சத்தம் கேட்டு பாக்கிங் பிரிவே திரும்பிப் பார்க்கும். அவர் மட்டும் திரும்ப மாட்டார். வியாழக்கிழமை தானே வந்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்க அம்மா இருக்கற எடத்துல நின்னு நான் வளையல் போட்டுப்போட்டேன். போட்டவ ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகோணுமில்லீங்களா? அதைச் செய்யாம உங்களை இங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சிருக்கறது எனக்கு மனசே ஆகலீங்க. ஒரு நாளைக்காச்சும் வாங்க."

சனிக்கிழமை போனேன். சிங்காநல்லூர் குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு. அவர் கணவர் முன்பு மில்லில் இருந்தவர். என்னைப் பார்த்ததும், "வாங்க கண்ணு, இது உங்க ஊடுன்னு நெனைச்சுக்கோங்க. ஆனா ரிமோட் மட்டும் எங்கிட்டத்தான் இருக்கும்" என்றார். கொள்ளுப் பருப்பும் சோறும் நெய்யுமாகச் சாப்பாடு. சாப்பிட்டதும் அக்கா கட்டிலைக் காட்டி, கொஞ்சம் படுங்க என்றார். பத்து நிமிடம் என்று சொல்லிப் படுத்தேன். எழுந்தபோது மணி நாலரை. மூன்று மணி நேரம் புரளக்கூட இல்லை. அக்கா என் கால்மாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தலையணை வைத்து என் கால்களை உயர்த்தியிருந்தார். கணுக்காலில் அவர் விரல் வைத்து அழுத்தினார், குழி விழுந்து அப்படியே நின்றது. "இதைப் பாத்தீங்களா?" என்றார். உண்மையில் நான் பார்த்திருக்கவில்லை. எத்தனையோ வாரமாகத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அம்மா வீடியோவில் கூப்பிட்டார். வழக்கமான நேரம்தான், ஈப்போவில் ஏழு மணி. கைப்பேசியை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அக்கா, "வளையல் நான் போட்டுப்போட்டேனுங்க, கோவிச்சுக்காதீங்க" என்றார். அம்மா, "நீங்க போட்டதுல எனக்கு டிக்கெட் காசு மிச்சம் லா" என்றார். மலேசியப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கடைசி 'லா' அக்காவுக்குப் புரியவில்லை, ஆனால் சிரித்தார். என் கால் வீக்கத்தை அக்கா அப்படியே போட்டுக்கொடுத்துவிட்டார். நான் கடைசி நாள்வரை வேலை பார்க்கப்போவதையும், ஏன் என்பதையும் சொன்னேன். பதின்மூன்று வாரக் கணக்கை அம்மாவிடம் சொன்னது அதுவே முதல் முறை.

அம்மா டயாலிசிஸ் ஊசி குத்தும் கையை மறு கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்குன்னு நாளெல்லாம் மிச்சம் புடிச்சி வைக்காத மா," என்றார். "நானும் அப்படித்தான் பண்ணேன். கால் வீங்கி சப்பாத்து நுழையாது, ஸ்லிப்பர் போட்டு லைன்ல நின்னேன். கெட்டிக்காரின்னு நெனச்சேன். இப்ப யோசிச்சா அந்தக் கடைசி மாசத்துல லைன்தான் ஞாபகம் இருக்கு. போர்டு வரும், சோல்டர் வைப்பேன், அனுப்புவேன். நீ வயித்துல என்ன பண்ண, எப்ப உதைச்ச, ஒன்னும் ஞாபகம் இல்ல. ஆசோவாச்சும் ஒரு தாள் கிழிச்சுக் குடுத்துச்சு. அந்த மாசத்துக்கு எங்கிட்ட ஒரு தாளும் இல்ல."

அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அம்மா வேறு பேச்சு எடுத்தார். பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரம் இந்த முறை நிறையக் காய்த்திருக்கிறது என்றார்.

கிளம்பும்போது சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். ராகு காலமும் நல்ல நேரமும் போட்ட, நீங்கள் எல்லோரும் அறிந்த காலண்டர்தான். அன்றைய தாளைக் கிழித்துக் கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஆசோ கதையை அக்காவுக்குச் சொல்லவில்லை. அவர் எதற்கு என்று கேட்காமல் தானே கிழித்து, மடித்து, என் பையில் வைத்தார். "அம்மா ஊட்டுக்குப் போனீங்களான்னு இனி யாரு கேட்டாலும் போயிட்டு வந்துட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திறந்து மறுபடி எழுதினேன். பிரசவ நாளுக்கு மூன்று வாரம் முன்னால் நிற்பது. அப்படியானால் அம்மாவோடு பத்து வாரம். மூன்று வாரம் அம்மாவிடமிருந்து எடுத்து வயிற்றுக்குக் கொடுக்கிறேன். எழுதி முடித்ததும் அழுகை வந்தது. பிரபு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இந்த முறை நோட்டைக் கேட்காமல், என் காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். இது சரியான முடிவா என்று எனக்கு இப்போதும் தெரியாது. மூன்று வாரத்தின் விலை என்ன என்பது அம்மாவின் உடம்புக்கு மட்டுமே தெரியும்.

திங்கட்கிழமை படிவத்தைக் கொண்டுபோய் ஜோசப்பிடம் கொடுத்தேன். தேதியைப் படித்து, சரிங்க மேடம் என்றார். அதற்குக் கீழே 'விடுப்பில் தங்கும் முகவரி' என்ற கட்டத்தில் அவர் கண் நின்றது. கோவை வீட்டு முகவரியை ஒரு வரியிலும், ஈப்போ முகவரியை அதற்குக் கீழே இடுக்கியும் எழுதியிருந்தேன். இதுவரை வந்த படிவங்களில் அந்தக் கட்டத்தில் எல்லோரும் அம்மா வீட்டு முகவரியைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றார். நான் இரண்டிலும் இருப்பேன் என்றேன்.

"சிஸ்டத்துல ஒண்ணுதாங்க ஏறும். எதைப் போடட்டும்?"

படிவத்தில் இரண்டு வரியையும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிறகு மேலே இருப்பதைப் போடுங்கள் என்றேன். அவர் தட்டச்சு செய்தார். கணினிக்கு நான் கோயம்புத்தூர்க்காரி ஆனேன். "பேப்பர்ல ரெண்டும் இருக்கட்டுங்க, ஒண்ணும் தப்பில்ல" என்று சொல்லி, கம்பெனியின் வட்ட முத்திரையை மையில் ஒற்றி எடுத்துக் கட்டத்தின்மேல் அழுத்தினார்.

அதன் நகல் இப்போது என் நோட்டில், காலண்டர் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விடுப்பின் இரண்டாம் நாளான இன்று, கால்களை உயர வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். குழந்தை காலையிலிருந்து நான்கு முறை உதைத்தது, குறித்து வைத்திருக்கிறேன். முத்திரை இரண்டு முகவரிக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. மேல் பாதி கோவையின் கடைசி எழுத்துகளை மறைக்கிறது, கீழ்ப் பாதி ஈப்போவின் கடைசி எழுத்துகளை. எதையும் முழுதாகப் படிக்க முடியவில்லை.