ஈயமூக்குத் தோட்டா

துப்பாக்கிக் குழலின் வாயை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுக்கிறார் சத்தியநேசன். பிறகு எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறார்.

"எண்ணெய் போட்டிருக்கு."

நிற்பவர் தலையாட்டுகிறார்.

"நேத்து போட்டதாக்கும்."

அதற்கும் தலையாட்டுகிறார்.

"நேத்து எதுக்குப் போட்டீரு?"

தேர்தல் அறிவித்துவிட்டால், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்தாக வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். நாகர்கோவில் கோர்ட்டுக்குப் பின்புறச் சந்தில் இருக்கும் சத்தியநேசன் கடையில் கூட்டம் கூடுவது அப்போது மட்டும்தான். ஸ்டேஷனில் வாங்கி மூலையில் சாத்துவதோடு சரி. இவரோ ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். முகர்ந்து பார்க்கச் சொல்லி எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. சமீபத்தில் சுட்ட குழலில் மருந்து வாடை இருக்குமாம், அவசரமாகத் துடைத்த குழலில் புது எண்ணெய் வாடை இருக்குமாம், ஒன்றும் செய்யாத குழலில் சிலந்தி வலை வாடை இருக்குமாம். சிலந்தி வலைக்கு வாடை உண்டா என்று கேட்டால், "உமக்கு மூக்கு இருக்கா?" என்று திருப்பிக் கேட்பார்.

ஐம்பத்தெட்டு வயது. ஒல்லி. வெள்ளைச் சட்டைப் பையில் நான்காக மடித்த கைக்குட்டை எப்போதும் இருக்கும். "சுகமா இருக்கீங்களா?" என்று யாராவது கேட்டால், "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்பார். சர்ச்சில் ஜெபம் நடக்கும்போது ஒரு கண்ணைத் திறந்து, வேறு யார் கண்ணைத் திறந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். பிடிபட்டவர் பிறகு இவரிடம் தோட்டா வாங்க வந்தால் கதை கந்தல்தான்.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மலையடிவாரத்துத் தோட்டக்காரர்கள். வாழையையும் மரச்சீனிக் கிழங்கையும் பன்றி கிளறிப்போட்டுவிடுகிறது, விரட்டுவதற்குத் துப்பாக்கி. விரட்டத்தான் லைசென்ஸ், கொல்ல அல்ல. ஆனால் அதே காட்டில்தான் மிளாவும் மேய்கிறது. கன்றுக்குட்டி உயரத்தைத் தாண்டி வளரும் பெரிய மான் அது. அதன் இறைச்சிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைகிறவர்களுக்கு மலையிலும் பஞ்சமில்லை, டவுனிலும் பஞ்சமில்லை. செத்த மிளாவின் உடம்பிலிருந்து இவர் விற்ற தோட்டாவை வனத்துறைக்காரர்கள் தோண்டி எடுத்தால் கடைக்குப் பூட்டு விழும். அப்பா காலத்துக் கடை. அதைவிட, மானைக் கொன்றவன் கைக்குத் தன் கை தோட்டா கொடுத்தது என்பதை அவரால் தாங்க முடியாது. அந்த விஷயத்தில் மனுஷனுக்கு நடிப்பே கிடையாது.

அதற்காக அவர் ஒரு பரீட்சை வைத்திருக்கிறார். ரைஃபிள் லைசென்ஸோடு யாராவது வந்தால், கண்ணாடி மேஜையின் மேல் இரண்டு தோட்டாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார். ஒன்றின் நுனி முழுக்கச் செம்பு போர்த்தியது. உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். மற்றொன்றின் செம்பு உறைக்கு வெளியே நுனியில் ஈயம் தெரியும், ஈயமூக்கு என்பார். உள்ளே போனதும் செம்பு உறை பூப்போல விரிந்து, உடைந்து, தங்கிவிடும். பெரிய மிருகத்தை நின்ற இடத்திலேயே சாய்ப்பது அதுதான்.

"எது வேணும்?" என்று கேட்டுவிட்டு, வாங்க வந்தவரின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார். கை ஈயமூக்கை நோக்கி நகர்ந்தால் ஸ்டாக் இல்லை. "எவ்வளவு தூரம் போவும்?" என்று கேட்டாலும் ஸ்டாக் இல்லை. "தின்னணும்னு நெனைக்கவன் தூரத்தக் கேப்பான். வெரட்டணும்னு நெனைக்கவன் சத்தத்தக் கேப்பான். பன்னி ஓடுததுக்கு எந்த மூக்கா இருந்தா என்ன?" இது அவருடைய வேதவாக்கு. இருபது வருஷமாக இதில் தப்பியவர் எவரும் இல்லை என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வார்.

இந்தக் குணம் கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகள் ஜினிஷாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் கூடவே வந்தது. முதல் சம்பந்தத்தில், பையனின் அப்பா கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார் என்று வேண்டாம் என்றார். இரண்டாவதில், கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லவில்லை என்று வேண்டாம் என்றார். ஜினிஷா பள்ளிக்கூட டீச்சர், அப்பாவைத் தெரிந்தவள், இரண்டு முறையும் பேப்பர் திருத்தப் போய்விட்டாள். அவளுடைய அம்மா செல்லபாய்தான் அவரிடம் பேசுவதை நிறுத்தினார்.

மூன்றாவதாக ஆன்ட்ரூஸ் வீட்டிலிருந்து கேட்டு வந்தபோது சத்தியநேசன் ஒரு குறையும் சொல்லவில்லை. தடிக்காரன்கோணத்துக்கு மேலே ரப்பர்த் தோட்டம். மகன் ஸ்டெனி துபாயில் இன்ஜினியர். அதெல்லாம் இரண்டாம்பட்சம். ஆன்ட்ரூஸ் பரீட்சையில் தேறியவர். முதல் தடவை கடைக்கு வந்தபோது, மேஜை மேலிருந்த இரண்டு தோட்டாக்களையும் அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எதையாவது தாரும் அண்ணாச்சி. பன்னி ஓடுததுக்குச் சத்தம் கேட்டா போரும்," என்றார். சத்தியநேசனுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. இப்படிப்பட்டவருக்கு நல்ல சரக்காகத் தருவோம் என்று ஈயமூக்குப் பெட்டியைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அன்று முதல் வருஷா வருஷம் அதே பெட்டிதான். மகனும் அப்பனைப் போலத்தான் இருப்பான் என்று செல்லபாயிடம் அவரே சிபாரிசு செய்தார். ஜினிஷாவும் ஸ்டெனியும் போனில் பேச ஆரம்பித்து, வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகிற வீடு காணல் அன்று, செல்லபாய் காரில் ஏறுவதற்கு முன் சொன்னார்: "கேட்டியளா, அங்க போய் ஒண்ணையும் மோந்து பாக்காண்டாம்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். ஆன்ட்ரூஸின் மனைவி கிரேசி, கறுப்பாக வறுத்த இறைச்சியைக் கொண்டுவந்து வைத்தார். "போத்தாக்கும், எரும எறச்சி. நல்லாத் தின்னுங்க." சத்தியநேசன் இரண்டாம் வாயில் எதையோ கடித்தார். எலும்பு இல்லை. இருமுவதுபோலக் கைக்குட்டையை வாயருகே கொண்டுபோய் எடுத்துப் பார்த்தார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய செம்புத் தகடு. விளிம்பு பூவிதழ்போலச் சுருண்டிருந்தது.

கடைக்காரருக்கு அது என்னவென்று தெரியும், எருமையை யாரும் சுட்டுக் கொல்வதில்லை என்பதும் தெரியும். ஆனால் அன்று அவர் வாழ்க்கையில் முதல் முறையாக, சந்தேகப்படாமல் இருக்கப் பாடுபட்டார். பாத்திரம் விளக்குகிற கம்பியாக இருக்கும். இறைச்சிக் கடைக்காரனின் கத்தி நுனியாக இருக்கும். என்னவாக இருந்தாலும் ஆன்ட்ரூஸ் சத்தத்தைக் கேட்ட ஆள். இருபது வருஷப் பரீட்சை பொய்க்குமா? கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எதிர் இலையில் பக்கத்துத் தோட்டத்துக் கிருஷ்ணமணி. நல்ல மனுஷர், வெள்ளந்தி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "அண்ணாச்சி கடைன்னா எங்களுக்கு ஸ்கூல் மாதிரியாக்கும்," என்று ஆரம்பித்தார். "நான் ரைஃபிள் எடுத்தப்போ ஆன்ட்ரூஸ் அண்ணந்தான் பாடம் சொல்லித் தந்தது. லேய், தோட்டாவப் பாக்காத. தூரத்தக் கேக்காத. சத்தம் வந்தா போரும்னு சொல்லு, அவரே நல்லதா எடுத்துத் தருவாருன்னு. இந்த மலையில எல்லாவனுக்கும் தெரியும்லா."

பந்தியில் சிரிப்பு எழுந்தது. ஆன்ட்ரூஸ் மட்டும் சிரிக்காமல் தண்ணீர் டம்ளரை எடுத்தார். சத்தியநேசன் சிரித்தார். சிரிக்காவிட்டால் எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள் என்று பயந்து சிரித்தார். இருபது வருஷமாக மலைக்குத் தோட்டா கொடுத்தது அவருடைய கைதான். வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள், பாவம், பாடம் படிக்காமல் வந்தவர்கள் மட்டும்தான்.

செல்லபாய் பெண்கள் பந்தியிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக அந்த முகத்தைப் படித்தவர். இப்போது சத்தியநேசன் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் மூன்றாவது சம்பந்தமும் போயிற்று. சொல்லாவிட்டால் இன்றுமுதல் தானும் அந்த மலைக் கூட்டத்தில் ஒருவர். கிரேசி கரண்டியோடு வந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்றார்.

"போரும். நல்லா வெந்திருக்கு," என்றார் சத்தியநேசன்.

வீட்டில் ஜினிஷா வாசலிலேயே நின்றாள். "என்னப்பா, மோந்து பாத்தாச்சா?"

"பாத்தாச்சு மக்களே."

"என்ன மணம்?"

"ரப்பர் ஷீட்டு மணம்," என்றார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவருக்கு அழுகை வந்தது. கால் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டார்.

மறு மாதம் தேர்தல் அறிவித்தார்கள். கடையில் வரிசை நின்றது. வழக்கம்போல ஒவ்வொரு குழலாக முகர்ந்து, ஒவ்வொருவரையும் குடைந்துகொண்டிருந்தபோது, ஐந்தாவதாக ஆன்ட்ரூஸ் வந்து நின்றார். பின்னால் கிருஷ்ணமணி.

"சம்மந்தி, நேத்துத்தான் எண்ணெய் போட்டேன்," என்றார் ஆன்ட்ரூஸ், கேட்பதற்கு முன்னாலேயே.

சத்தியநேசன் ரைஃபிளை வாங்கினார். கை பழக்கத்தில் குழலை மூக்குவரை தூக்கிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இன்னொரு கையால் பையிலிருந்து கைக்குட்டையை உருவி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"தடுமலா சம்மந்தி?"

"ஆமா. தடுமல்தான்."

ரைஃபிளைச் சுவரில் சாத்தி பெயர் அட்டையைக் கட்டினார். கிருஷ்ணமணி தன் துப்பாக்கியை நீட்டினார். கைக்குட்டையை எடுக்காமலேயே அதையும் வாங்கிச் சாத்தினார். அதற்கடுத்தவருடையதையும்.