ஊசியைத் தூக்கும்வரை

பழைய இசைத்தட்டு விக்கிற கடையிலை வேலை எண்டால், விரும்பினாலும் விரும்பாட்டிலும் ஊரான் ரசனைக்கெல்லாம் காது குடுக்க வேணும். கவுன்டருக்குப் பின்னாலை கால் கடுக்க நிக்கிற சனத்துக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பழுதுப் பெட்டி

நோத்ர-டாம்-த-கிரேஸிலை இருக்கிற எங்கட கடையிலை ஒரு சட்டம். பழைய தட்டு வந்தால் முழுக்கக் கேட்டு, கீறல் எங்கை இருக்கெண்டு உறையிலை எழுத வேணும். ஒருநாள் ஜப்பான் இசைக்குழு ஒண்டின்ரை தட்டு வந்தது. ஒசாக்காக்காரர் நாலு பேர். கிட்டார் கத்துது, தகரம் விழுந்த மாதிரி ட்ரம் அடிக்குது, பேந்து ஒரு நிமிசம் சத்தமே இல்லை. என்ரை காது பொறுக்கேல்லை. ‘முழுக்கக் கீறல்’ எண்டு எழுதிப் பழுதுப் பெட்டியிலை போட்டிட்டன்.

அடிக்கடி வாற கீர்த்தன் எண்ட யூனிவர்சிற்றிப் பொடியன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் எழுதினதை வாசிச்சுச் சிரிச்சான். “நோ அங்கிள், இது கீறல் இல்லை. இதுதான் பாட்டு.”

முடியாத பாட்டு

அடுத்த கிழமை அவன்ரை தேப்பன் அதே தட்டோடை வந்தார். பேர் சிவநேசன். கோட்-டெ-நெய்ஜிலை ஒரு ஆஸ்பத்திரியிலை நோயாளியளைத் தள்ளிக்கொண்டு போற வேலை. பழுதான சாமானை மகன்ரை தலையிலை கட்டிப்போட்டன் எண்டு அவருக்குக் கோவம். கடைசிப் பக்கம் நிக்குதில்லையாம், ஒரே ‘ம்ம்ம்’ எண்டு சுத்துதாம்.

“அண்ணை, அவங்கள் வேணுமெண்டுதான் ஊசி ஓடுற கடைசிக் கோட்டை வட்டமா வெட்டியிருக்கிறாங்கள். ஆரும் ஊசியைத் தூக்கும்வரை அது சுத்தும்” எண்டு சொன்னன். மனுசன் பெருமூச்சு விட்டார். “அப்ப என்ரை வீட்டிலை இது முடியாது தம்பி. அவன் போட்டிட்டு நித்திரையாப் போடுவான்.”

ஊசி

பிறகு கீர்த்தனைக் காணேல்லை. பனி கொட்டத் தொடங்கேக்கை தேப்பன்தான் வந்தார், ஊசி வாங்க. ரெண்டு மாசத்திலை திரும்பவும் ஊசி. ஒரு ஊசி வருசக்கணக்கா உழைக்கும், பாருங்கோ. என்ரை வாய் சும்மா கிடக்குமோ? “மகனிட்டைச் சொல்லுங்கோ அண்ணை, ஊசியைத் தட்டிலை விட்டிட்டுப் படுக்க வேண்டாமெண்டு.”

அவர் கையுறையைக் கழட்டினார், திரும்பப் போட்டார். “ஓம் தம்பி, சொல்லுறன்.”

கீறலில்லாத தட்டு

மாசியிலை, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலிலை ஒருத்தர் சொல்லித்தான் அறிஞ்சன். கீர்த்தன் ஐப்பசியிலையே இரத்தப் புற்றுநோயிலை செத்துப்போனானாம். சப்பாத்துத் தேடுறவன் மாதிரிக் குனிஞ்சு நிண்டு அழுதன். நான் சொன்ன சொல்லை நினைக்க நினைக்க நாக்கைப் பிடுங்கலாம் போலை இருந்தது.

பங்குனியிலை சிவநேசன் அண்ணை திரும்பவும் வந்தார், தட்டோடை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அண்டு கீர்த்தன் கடைசியாப் போட்டுக் கேட்டது அதுதானாம். அவன்ரை அறை சத்தமில்லாமல் கிடந்தால் தாய்க்கு மூச்சடைக்குதாம். அதாலை பகல் முழுக்கச் சுத்தவிடுறாவாம். இப்ப அந்த வட்டம் தேஞ்சு இரைச்சலாப் போச்சு. இன்னொண்டு கிடைக்குமோ எண்டு கேட்டார். குழுவே கலைஞ்சுபோச்சு, எங்கை கிடைக்கிறது? கீர்த்தன் பழக்கின ஆசையிலை நானும் ஒண்டு தேடி வாங்கி வைச்சிருந்தன், ஒரு கீறலும் இல்லாதது. வீட்டை ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தன்.

கடையிலை போட்டுக் காட்டினன். ‘ம்ம்ம்’ எண்டு வடிவாச் சுத்திச்சு. சிவநேசன் அண்ணை கனநேரம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தன்ரை பழைய தட்டை எடுத்து நெஞ்சோடை வைச்சுக்கொண்டார். “நல்லா இருக்குத் தம்பி. ஆனால் எங்கட தட்டிலை ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு ‘டிக்’ கேக்கும், அவன் கைதவறி ஊசியைப் போட்ட இடம். உம்மட தட்டிலை அது இல்லையே.”

இப்பவும் தட்டுக் கேக்கிறதுதான் என்ரை வேலை, ஆனால் உறையிலை ‘கீறல்’ எண்ட இடத்தை நான் வெறுமையா விடுறதாலை எங்கட முதலாளியம்மா என்னை வேலைக்கள்ளன் எண்டு நினைக்கிறா.