எந்தக் கேம்ப்?

துபாயில் யூதப் படுகொலைக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, சரித்திர ஆசிரியர்கள் நாங்கள் பஸ்ஸில் மஸ்கட் திரும்புகிறோம். அங்கே அழுது தீர்த்ததாலோ என்னவோ, இப்போது பள்ளிப் பிள்ளைகளைப் போல ஒரே கும்மாளம். ஜன்னல் சீட்டுக்கு அடிதடி. எல்லைக்கு முன்னால் டீ குடிக்க இறங்குகிறோம்.

கடையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். "எங்க போயிட்டு வாறியள்?"

"கேம்ப் பத்திப் படிக்கப் போனோம்க்கா," என்கிறேன்.

"எந்தக் காம்ப்? ரூமுக்கு எத்தினை பேர்? சாப்பாடு நல்லதோ?"

சிரித்துச் சிரித்து டீ புரையேறுகிறது. வளைகுடாவில் கேம்ப் என்றால் தொழிலாளர் குடியிருப்புதானே! நாஜிகளின் வதைமுகாமை விளக்குகிறேன்.

"அதுவோ! ஊரில சண்டை முடிஞ்ச பிறகு நாங்களும் காம்பிலதான் இருந்தனாங்கள். முள்ளுக்கம்பிக்குள்ள." சட்டென்று முகம் மலர்கிறது. "அங்கயும் ஒரு ரீச்சர் கூடாரத்துக்குள்ள வச்சுப் படிப்பிச்சவ!"

ஆண்டுகளைச் சொல்லிச் சொல்லி நான் தூங்கவைத்த பாடம், ஒரே சொல்லில் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"நாளைக்கு முதல் கேள்வியே இதுதான். பிள்ளைங்களா, கேம்ப்னா என்ன?" என்று கூவுகிறேன். "அது என் கேள்வி!" என்று இன்னும் நாலு பேர் கூவுகிறார்கள். ஜன்னல் சீட்டு யாருக்கும் நினைவில்லை.

பஸ் நகர்கிறது. அக்கா வாசலுக்கே ஓடிவருகிறார். "ரீச்சர்! பிள்ளையள் என்ன சொன்னவை எண்டு வந்து சொல்லோணும்!"