சந்திரனில் இருபத்துமூன்று கிலோ

சர்வேயர் கருப்பையா சார் இறந்த செய்தி எங்கள் ரசிகர் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் எனக்கு வந்தது. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள என் கடையில் உட்கார்ந்து ஒரு தானப் பத்திரத்துக்கு நான்கெல்லை எழுதிக்கொண்டிருந்தேன். கும்பிட்ட கைகளாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. நடுவில் ஒருவர் ‘பல ஒளியாண்டுகள் எங்கள் நினைவில் வாழ்வீர்கள்’ என்று போட்டிருந்தார். ஒளியாண்டு என்பது தூரம், காலம் அல்ல என்று எத்தனையோ பேரை மேடையில் நிறுத்தி மானத்தை வாங்கியவர் அவர். காதில் விழுந்திருந்தால் பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்திருப்பார்.

குழுவின் ஆண்டு மலருக்கு நான்தான் அஞ்சலி எழுத வேண்டும் என்றார்கள். “பத்திரம் எழுதுற கை, நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்கண்ணே” என்று கேட்டார் செயலாளர். தேடிப் பார்த்தேன். இரண்டுதான் கிடைத்தன. சொன்ன நேரத்துக்கு வருவார். பிறர் வீட்டில் காபிக்கு மேல் எதுவும் வாங்க மாட்டார். மீதியை உள்ளபடி எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள் என்பதால் பூசி மெழுக அவசியமில்லை.

தொழில் வழியாகத்தான் எனக்கு அவரைத் தெரியும். அவர் அளந்து கொடுப்பதை வைத்து நான் பத்திரம் எழுதுவேன். கோவிலூர்ப் பக்கம் அவருடைய சொந்தத் தங்கை வீடு கட்டினார். பக்கத்து மனைக்காரர் மனுக் கொடுக்க, அளக்கப் போனவர் இவரே. வேறு ஆளை அனுப்பச் சொல்லி நழுவியிருக்கலாம். போனார், சங்கிலியைப் போட்டார், சுவர் ஒண்ணேகால் அடி அடுத்தவன் மனையில் நிற்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தங்கை மண்ணை வாரி இறைத்து அழுதது. “அழுதா அளவு மாறுமா?” என்று கேட்டுவிட்டு சைக்கிளில் ஏறினார். பாதிச் சுவரை இடித்தார்கள். தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் பத்திரிகை போனது, இவருக்குப் போகவில்லை. அன்று இவர் வழக்கம்போல ஆபீசில் இருந்தார். நான் போய்ப் பார்த்தேன், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்கு நிலமில்லாமல் ஆகாயத்துக்குப் போனார். காரைக்குடியில் ஆண்டுக்கொரு முறை நாங்கள் நடத்தும் அறிபுனைகதை ரசிகர் மாநாடு உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கல்யாண மண்டபத்தில் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மாலை ஆறு மணிக்கு முடியும். வாசலில் வாழைமரத்துக்குப் பதில் அட்டையில் செய்த ராக்கெட் நிற்கும். வெள்ளி பெயிண்ட் அடித்துக்கொண்டு வேற்றுக் கிரகவாசியாக வருபவர்கள் பதினோரு மணிக்குள் வியர்வையில் பாதி மனிதராகிவிடுவார்கள். பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் டிரோன் விடுவார்கள். பிற்பகலில் திருத்த அமர்வு நடக்கும். உறுப்பினர்கள் எழுதிய கதைகளை முன்கூட்டியே வாங்கி, அதில் அறிவியல் சரியா என்று பார்த்து, சரியென்றால் பச்சைச் சீட்டு, தவறென்றால் சிவப்புச் சீட்டு கொடுப்பார் சர்வேயர் சார். எழுதியவர் மேடையில் நிற்க வேண்டும். எல்லோரும் வருவதே இதைப் பார்க்கத்தான். அடுத்தவன் அடிபடுவதைப் பார்க்க நமக்கெல்லாம் அவ்வளவு ஆசை.

நான் சொல்லப்போவது மூன்று ஆண்டுக்கு முந்தைய மாநாடு. அன்று காலை டீ கொடுக்கும் ரோபோ ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். அது நேரே போய் முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினரின் வேட்டியில் ஊற்றியது. மண்டபமே சிரித்தது, சர்வேயர் சார் மட்டும் குனிந்து ரோபோவின் சக்கரத்தைப் பார்த்தார். “எடது சக்கரம் நூல் அளவு சின்னது. அதான் சாயுது” என்றார். விருந்தினருக்குத் தொடை வெந்துபோயிருந்தது, அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஆண்டுதான் நான் முதல் முறையாகக் கதை கொடுத்திருந்தேன். சந்திரனில் ஒரு சுரங்கம். அண்ணன் தம்பி இருவர் வேலை செய்கிறார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தம்பி குழிக்குள் இறங்குகிறான். காற்றுக் குழாய் பழுதாகி மயங்கி விழுகிறான். மேலே நிற்கும் அண்ணன் இழுத்துப் பார்க்கிறான், முடியவில்லை. கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு ஆள் கூப்பிட முகாமுக்கு ஓடுகிறான். திரும்பி வரும்போது தம்பி இல்லை. எழுதும்போது மூன்று முறை பேனாவைக் கீழே வைத்தேன். படித்துக் காட்டியபோது முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

சர்வேயர் சார் எழுந்தார். “தம்பியோட எட எம்புட்டுன்னு எழுதியிருக்கீக?”

“அம்பத்தஞ்சு கிலோ சார்.”

“விண்வெளிச் சட்டை, தொப்பி எல்லாஞ் சேத்து இன்னொரு எம்பத்தஞ்சு. ஆக நூத்திநாப்பது. சந்திரன்ல ஆறுல ஒரு பங்குதான். இருபத்துமூணு கிலோ. ஒரு சிப்பம் அரிசியவிடக் கொறச்சல். அத ஒங்க அண்ணங்காரனால தூக்க முடியலயாக்கும்?”

மண்டபம் குலுங்கியது. கண்ணைத் துடைத்த இரண்டு பேரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், “தூக்க முடியாம இல்ல சார், மனசில்ல! பத்திரம் எழுதுறவருல்ல, ஒரு பங்கு கொறையட்டும்னு விட்டுட்டாரு!” என்றது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சிவப்புச் சீட்டை வாங்கிக்கொண்டு நானும் சிரித்தேன். மேடையில் நின்று கூட்டத்தோடு சேர்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்த அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் செல்வம். அமராவதிபுதூருக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு கிணறும் கொஞ்சம் வயலும் உண்டு. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரையில் தண்ணீர் கீழே போனதால் டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் பாறைத் திட்டில் இறக்கி வைத்து ஓட்டினோம். படி உடைந்திருந்தது என்று நான்தான் அவன் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினேன். உள்ளே புகை அடைத்திருந்தது. விழுந்துவிட்டான். இழுத்தேன், அசையவில்லை. கயிற்றைக் கல்தூணில் கட்டிவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். நான்கு பேரோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கிணற்றைத்தான் சந்திரனுக்குக் கொண்டுபோனேன். எடையை மாற்ற மறந்துவிட்டேன். அவனுடைய கனம் என் கையிலேயே இருந்ததால் அது அங்கே குறையும் என்று தோன்றவே இல்லை.

மாலையில் எல்லோரும் நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவரை ஓரமாகக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். வெட்கப்படுவார், வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் துடிக்க வைக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். கதையின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார்.

“கெணறு எம்புட்டு ஆழம்?”

“திட்டு வரைக்கும் முப்பதடி சார். விடுங்க சார், எதுக்கு இப்ப...”

“கேட்டதுக்குச் சொல்லுங்க. கயிறு?”

“அம்பதடி.”

“பக்கத்துல என்னென்ன இருந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”

தூண், மண்வெட்டி, டீசல் கேன், வண்டி என்று சொல்லிக்கொண்டே போனேன்.

“வண்டின்னா, மாடு?”

நான் பக்கத்தில் அடுக்கியிருந்த நாற்காலியை நேராக நகர்த்தி வைத்தேன்.

“மாடு எங்குட்டுக் கட்டியிருந்துச்சு தம்பி?”

“கெணத்துக்கு அங்குட்டு. புளியமரத்துல.”

“எம்புட்டுத் தூரம்?”

“பத்தடி இருக்கும் சார்.”

வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். வட்டத்திலிருந்து அதற்கு ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான், வரைபடம் முடிந்தது.

“கயித்த நொகத்தடியில மாட்டி மாட்டப் பத்தியிருந்தா ரெண்டு நிமிசம். புகைக்குள்ள விழுந்தவன் அஞ்சு நிமிசமாச்சும் தாங்குவான். தூக்கியிருக்கலாம்” என்றார். பிறகு தாளைத் திருப்பிக் கதையைப் பார்த்தார். “சந்திரன்லயும் ஒரு வண்டி நின்னிருக்கும். அத எழுதாம விட்டுருக்கீக. இப்பத்தான் தெரியுது.”

இருபது ஆண்டு என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும், ‘ஒன்னால என்னய்யா செஞ்சிருக்க முடியும்’ என்றுதான் சொன்னார்கள். உறவுக்காரர்கள் சொன்னார்கள், போலீஸ்காரர் சொன்னார், என் மனைவி சொன்னாள். மாட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. அது என் மூளையில் அன்று உறைக்கவே இல்லை என்பதுதான் உண்மை, காரியம் முடிந்த பிறகு உறைத்தது. ஒரு பொய் சொல்ல அவருக்கு என்ன செலவு? ‘அந்த நேரத்துல யாருக்குத் தோணும்’ என்று ஒரு வார்த்தை போதும். “அளந்து குடுத்தாச்சு, வரட்டுமா?” என்று பென்சிலைச் சொருகிக்கொண்டு போனார். அவரை நான் அன்றிலிருந்து மனதார வெறுத்தேன். செத்துப் போனதால் அதை மாற்றி எழுத மாட்டேன்.

போன மாதம் அவர் மருத்துவமனையில் இருந்தபோது பார்க்கப் போனேன். பிள்ளைகள், “பங்குனிக்குள்ள வீட்டுக்குப் போயிரலாம்ப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வெளியே போன நேரத்தில் தலையணைக்குக் கீழே இருந்த ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். கண்ணாடியை மகள் ஒளித்து வைத்திருந்தாளாம்.

“பத்திரம் படிக்கிற மாதிரி எழுத்து விடாமப் படிங்க.”

படித்தேன். ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று எழுதியிருந்தது.

“எம்புட்டு நாளு?”

“டாக்டர் ஒரு மாசம்னு எழுதியிருக்காரு சார். மேக்கொண்டு இல்ல.”

என்னையே பார்த்தார். “இதச் சொல்லுறதுல ஒங்களுக்குச் சந்தோசம்.”

“ஆமா சார்.”

“இருக்கட்டும். எல்லாரும் பங்குனி பங்குனின்னு உயிர எடுக்குறாக. நீங்கதான் உள்ளதச் சொல்லியிருக்கீக” என்று ரிப்போர்ட்டை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

விஷயம் தெரிந்து அவர் மகள் என்னை வராந்தாவில் வைத்து, “நீயெல்லாம் மனுசனா?” என்று கேட்டது. அந்தக் கேள்வியை நான் சாரைப் பார்த்து மனதுக்குள் பலமுறை கேட்டிருக்கிறேன் என்பதால் எனக்கு உறைக்கவில்லை. ஒரு மாதம் என்றேன், அவர் பத்தொன்பது நாளில் போய்விட்டார். இருந்திருந்தால் எனக்கு இன்னொரு சிவப்புச் சீட்டு.

சாரை எரித்துவிட்டு வந்த மறுநாள், எதற்கென்று தெரியாமல், அம்மாவிடம் மாட்டைப் பற்றிச் சொன்னேன். கயிறு மீதமிருந்தது, மாடு பத்தடியில் நின்றது, நான் ரோட்டுக்கு ஓடினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தவில்லை.

“எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள். “அதான் அடுத்த சந்தையிலயே ரெண்டையும் வித்தேன். அதுக மூஞ்சியப் பாக்க முடியல.” முறத்தை ஒருமுறை தட்டிவிட்டு, “யாரு சொன்னா ஒனக்கு?” என்று கேட்டாள். சொன்னேன். “அந்தப் பாவி நல்லாருக்க மாட்டான்” என்றாள். நேற்றுத்தான் அவரை எரித்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

எனக்குத் தெரியாது என்று அவளும், அவளுக்குத் தெரியாது என்று நானும் நினைத்துக்கொண்டு ஒரே வீட்டில் நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இப்போது அது போய்விட்டது. உண்மை தெரிந்ததில் மனம் லேசானது என்று இந்த மலரில் யாரும் அடிக்குறிப்புச் சேர்த்துவிட வேண்டாம், அப்படி ஒன்றும் ஆகவில்லை. அம்மா சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், போதுமா என்று கேட்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. சர்வேயர் சாரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான்.