மேடை இருக்கிற நாள்

குளிர்நாட்டு நகரமொன்றின் புறநகர், குரோருட் மெட்ரோ நிலையம். குளிர்காலம். பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்குகிறது. நடைமேடையில் ஒரு தாயும் மகளும் பேசாமல் நிற்கிறார்கள். தாயின் கையில் தமிழ் எழுத்துப் போட்ட கடைப்பை. நகரத்துக்கு எந்த ரயில் என்று மகளிடம் கேட்கிறேன். தாய் குறுக்கே வருகிறார்.

"தம்பி, அவவோடை கதைக்காதேங்கோ. இண்டைக்கு மேடை இருக்கு."

மகள் சிரித்துவிடுகிறாள். "நான் இப்ப ஓபரா பாடுறேல்லை அண்ணா, நாடகம் நடிக்கிறன். கதைக்கலாம். அம்மாவுக்குத்தான் பழக்கம் விடேல்லை."

பன்னிரண்டு வருடம் ஓபரா என்னும் மேற்கத்திய இசைநாடகத்தில் பாடியவள். பாடும் நாட்களில் குரலுக்கு ஓய்வு கொடுக்க, மேடையேறும்வரை வாய் திறக்கமாட்டாளாம். அவளைப் பேசவைத்துவிடக் கூடாதென்று தாயும் அன்று முழுக்கப் பேசமாட்டாராம். இப்போதும் அவள் கழுத்துச் சால்வையை இறுக்கிவிட்டு, வெந்நீர் பிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

ரயில் வந்ததும் அவள் மட்டும் ஏறி எனக்கு எதிரே உட்காருகிறாள்.

"என்ன வேஷம்?" என்கிறேன்.

"ஒரு அம்மா. கடைசிவரைக்கும் ஒரு சொல்லும் கதைக்கமாட்டா."

"பேசாம நடிக்க எங்க கத்துக்கிட்டீங்க?"

ரயில் நகர்கிறது. அவள் ஜன்னலுக்கு வெளியே காட்டுகிறாள். நடைமேடையில் தாய், உதட்டை இறுக மூடிக்கொண்டு, கையசைக்கிறார்.