ரண்டர்ஸ் ஆத்தில நாலாவது ஆள்

இதில ஒரு சொல் பொய்யெண்டாலும் நாளைக்குக் காலமை என்ர வான் ஸ்டார்ட் வரக்கூடாது. அது பாதி நாள் எப்பிடியும் வாறேல்ல, அது வேற கதை. மலிவாச் சுத்திக் காட்டுற தொழிலில ஒரே ஒரு சட்டம்தான்: ஏறின தலையையும் எண்ணு, இறங்கின தலையையும் எண்ணு. எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு விடுதலை குடுத்தவன் எண்டாலும் நாலு வரைக்கும் எண்ணத் தெரியும். அந்த எண்ணிக்கையிலதான் பிழை வந்தது. கிழமை நாளில டெனிஷ்காரன்ர கிரின்ஸ்டெட் ஃபக்டரி, சனி ஞாயிறில வான் நிறையச் சொந்தக்காரர் எண்டு என்னை மாதிரிக் கிடந்து உலையிற சீவன்களே, கேளுங்கோ.

கண்ணாடிக்குள்ள காடு

ஹேர்னிங்கில இருந்து ரஞ்சன் அண்ணையும் மனிசி மலர் அக்காவும் வந்தினம். அண்ணை கதைக்கமாட்டார், அக்கா ரெண்டு பேருக்கும் சேத்துக் கதைப்பா. வானுக்க அவ சொன்னது இதுதான். ஊரில கடலேரி தாண்டேக்க இவை ரெண்டு பேரும் அண்ணையின்ர தம்பியும் ஒரு வள்ளத்தில. வள்ளம் பிரண்டு தம்பியைத் தண்ணி கொண்டுபோட்டுது, உடம்பும் கிடைக்கேல்ல. அண்டையில இருந்து அண்ணை தண்ணியில கால் வைக்கேல்ல. இப்ப மகள் இருக்கிறதோ சம்ஸோ தீவில, கப்பலை விட்டால் வழியில்லை. பேரனுக்கு ஏழு மாசம், அண்ணை ஃபோனிலதான் பாத்தவர். ஆத்தில ஒருக்கா இருத்தி எடுத்தால் கப்பலிலயும் ஏறுவார் எண்டு அக்காவுக்கு ஒரு நம்பிக்கை.

ரண்டர்ஸில முதல் காட்டினது மழைக்காடு, ஒரு மிருகக்காட்சிச்சாலை மாதிரி. பட்டணத்துக்கு நடுவில கண்ணாடிக் கூண்டு, உள்ளுக்க வன்னி வெக்கை. அமேசனுக்குப் போறதை விட மலிவு எண்டு பகிடி விட்டன், ஒருத்தரும் சிரிக்கேல்ல. தண்ணிக்கு மேலால போற சின்னப் பாலத்தில அண்ணை நிண்டிட்டார். கத்திக்கொண்டிருந்த குரங்குகளும் டக்கெண்டு அடங்கி எங்களையே பாத்துதுகள்.

வெளியில வந்தவர் கார் பார்க் ஓரத்தில குனிஞ்சு ஒரு கல்லை எடுத்தார். மூண்டு பேராப் போறது கூடாதெண்டு நாலாவது ஆளா ஒரு கல்லைச் சேக்கிறது எங்கட வழக்கம்தானே. ஆனால் பொக்கெட்டுக்க போடுற கல்லெல்லோ எடுக்கிறது? இது உரிச்ச தேங்காய் அளவு. ஏன் அண்ணை இவ்வளவு பெரிசு எண்டு கேட்டன்.

"அண்டைக்குக் கல்லு எடுக்க மறந்திட்டன், தம்பி."

சட்டை போட்ட ஆள்

ஆத்தங்கரையில கானோ வள்ளம் வாடகைக்கு விடுறவர் வயசுபோன டெனிஷ்காரர். எத்தின பேர் எண்டார். நான் மூண்டு எண்டன், அண்ணை பின்னால நிண்டு நாலு எண்டார். மனிசன் நாலு லைஃப் ஜாக்கெட் தூக்கித் தந்தார். அண்ணை நாலாவதைக் கல்லுக்குச் சுத்தி, பெல்ட்டை இறுக்கி, பிள்ளையை இருத்திற மாதிரித் தனக்குப் பக்கத்தில இருத்தினார். டெனிஷ்காரர் பெல்ட்டை ஒருக்கா இழுத்துப் பாத்தார். பிறகு என்ர காதுக்குக் கிட்ட வந்து, கல்லைக் கண்ணால காட்டி டெனிஷில கேட்டார்:

"இவருக்கு நீந்தத் தெரியுமோ?"

எதிர்ப்பக்கம்

மத்தியானம் கிட்டியும் ஆத்துக்கு மேல பனிப்புகார் பால் மாதிரி. கரை தெரியேல்ல. முன்னால அக்கா, பின்னால நான், துடுப்பும் எங்கட கையில மட்டும்தான். அண்ணை நடுவில, கை ரெண்டையும் முழங்காலில வைச்சபடி. தண்ணி வாற பக்கத்துக்கு எதிராத்தான் வலிச்சம், திரும்பேக்க சும்மா மிதந்து வரலாம் எண்டு என்ர கெட்டித்தனம்.

கொஞ்சம் போக எனக்குக் கூடுதலா ஒரு சத்தம் கேட்டுது. என்ர துடுப்பு, அக்காவின்ர துடுப்பு, பிறகு இடப்பக்கம் இன்னொண்டு. சளக். நான் நிப்பாட்டினன். அக்காவையும் நிப்பாட்டச் சொன்னன். சளக். காத்தில்லை, வள்ளம் பின்னுக்கு வழுகவேணும். வழுகேல்ல. ஓட்டத்துக்கு எதிரா, நேரா, அமைதியாப் போகுது. அக்கா துடுப்பைத் தூக்கி மடியில வைச்சிட்டுத் திரும்பி என்னைப் பாத்தா. நான் முருகனையும் கூப்பிட்டன், காணாதெண்டு பக்கத்து வீட்டுப் பெந்தகொஸ்தே அன்ரியின்ர இயேசுவையும் கூப்பிட்டன்.

அண்ணையின்ர முகத்தில மட்டும் பயமில்லை.

"விடுங்கோ, அவன் வலிக்கட்டும்."

எண்ணிக்கை

திரும்பிக் கரைக்கு வர புகார் விலகீட்டுது. வள்ளத்துக்க பாத்தன். லைஃப் ஜாக்கெட் கிடக்குது, பெல்ட் பூட்டினபடி, பிழிஞ்சால் ஊத்துற ஈரம். உள்ளுக்க கல்லு இல்லை. விழுந்த சத்தம் ஒருத்தருக்கும் கேக்கேல்ல, வள்ளத்துக்க வேற ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. டெனிஷ்காரர் ஜாக்கெட்டுகளை எண்ணி எடுத்திட்டு, நாலாவது ஆள் எங்க எண்டு பகிடியாக் கேட்டார். வாயே திறக்காத அண்ணைதான் டெனிஷில மறுமொழி சொன்னார்: அவன் கரையேறீட்டான்.

பிறகு அக்காவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு என்னட்டைத் திரும்பினார்.

"தம்பி, சம்ஸோக் கப்பல் எத்தின மணிக்கு? இனி நாங்கள் ரெண்டு பேர்தான்."

கடைசியாச் சொல்லுறது, ஆக்களை ஏத்தி இறக்கிறது லேசு, ஆர் ஏறினது ஆர் இறங்கினது எண்டு எண்ணுறதுதான் சீவன் போற வேலை. வாயைப் பிளந்து கேட்டிட்டுச் சும்மா எழும்பாதேங்கோ, கதைக்குக் கூலியா மட்டன் ரோல்ஸ் எடுங்கோ: மூண்டு வேண்டாம், நாலாத் தாங்கோ.